மயூர் விஹார் பக்கம் அம்மாவுக்கு ஒரு டாக்டர்: புது பேஷண்டாகப் பதிவது எப்படி?

காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போன பிறகு அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் இரண்டு மாதம் முன்பு கும்பகோணத்திலிருந்து இங்கே டெல்லிக்கு அழைத்து வந்துவிட்டேன். மயூர் விஹார் ஃபேஸ் 1, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு 71 வயது. 12 வருஷமாகச் சர்க்கரை, 6 வருஷமாக பிரஷர். ஊரில் ஒரே டாக்டர்தான் எல்லாவற்றுக்கும். வாசலில் அம்மா நடந்து வருவதைப் பார்த்தே "என்ன, மறுபடி மாத்திரையை விட்டுட்டீங்களா" என்று கேட்கிற ஆள்.

போன வாரம் நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு குருகிராமில் ஆபீஸ், அதனால் கீழ்வீட்டுப் பையன் அம்மாவைப் பக்கத்து மார்க்கெட்டில் உள்ள ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். கவுண்டரில் இருந்தவர் "க்யா தக்லீஃப் ஹை" (என்ன தொந்தரவு) என்று கேட்க, அம்மா "சக்கரை" என்று சொல்லி, பத்து விரலையும் காட்டி, அப்புறம் இரண்டு விரலைக் காட்டியிருக்கிறாள். அவர் எழுதிக்கொண்டது "சக்கர், 12 ஸால்". அதாவது பன்னிரண்டு வருஷமாகத் தலைசுற்றல். டாக்டர் அம்மாவைப் படுக்கவைத்து, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, தலைசுற்றலுக்குப் பத்து நாள் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். 600 ரூபாய். சர்க்கரை பார்க்கவே இல்லை. ராத்திரி வந்து டாக்டர் எழுதின சீட்டைப் படித்துவிட்டு நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தால், அம்மா சொல்கிறாள்: "அந்த டாக்டர் தங்கமானவர்டா, கழுத்தையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்."

சரி, இங்கே ஒரு டாக்டரிடம் முறையாகப் பேர் பதிந்து, "இவர் நம் பேஷண்ட்" என்று அவர் நினைக்கும்படி ஏதாவது வழி உண்டா? அப்படி ஒரு ஏற்பாடே டெல்லியில் கிடையாதா?

ஆர்கேபுரம்_பழசு

சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டேன் தம்பி, மன்னிக்கவும். என் மனைவி 1981-இல் வந்த புதிதில் இதே வார்த்தையால்தான் மாட்டினாள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அப்பா மத்திய அரசில் இருந்தாரா? அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறதா? வருகிறது என்றால் நேராக சி.ஜி.எச்.எஸ். அட்டைதான், மத்திய அரசு ஊழியர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்குமான மருத்துவத் திட்டம். அதன் கிளினிக்குக்கு இப்போது வெல்னஸ் சென்டர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் ஆர்.கே. புரத்தில் யாரைக் கேட்டாலும் டிஸ்பென்சரி என்றுதான் சொல்வார்கள். திட்டம் 1954-இல் டெல்லியில்தான் ஆரம்பித்தது. டிஸ்பென்சரி காலை 7:30-க்குத் திறக்கும், நானெல்லாம் 7:10-க்கே போய் நிற்பேன், பழைய செக்ஷன் ஆட்கள் நாலு பேர் அங்கேதான் கிடைப்பார்கள். பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் கட்டலாம், அல்லது பத்து வருஷத்துப் பணத்தை ஒரே தடவை கட்டிவிட்டால் ஆயுசுக்கும் போதும். சம்பள லெவல் 1 முதல் 5 வரை மாதம் 250 கணக்கில் 30,000, லெவல் 6-க்கு 54,000, லெவல் 7 முதல் 11 வரை 78,000, அதற்கு மேல் 1,20,000.

காவிரிக்கரை

நன்றி சார். அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். பென்ஷன் எதுவும் கிடையாது.

மதுரை_டு_முனிர்கா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு சென்னை சி.ஜி.எச்.எஸ். அட்டை இருக்கிறது, குளிர் முடியும்வரை இங்கே இருப்பார். அட்டையை இங்கே மாற்றினால்தான் பார்ப்பார்களா?

ஆர்கேபுரம்_பழசு

தேவையில்லை. பிளாஸ்டிக் அட்டை வந்த பிறகு எந்த ஊர் சென்டரிலும் காட்டலாம். நிரந்தரமாக இங்கேயே தங்கிவிடுவார் என்றால் மட்டும் சென்டரை மாற்றச் சொல்லி விண்ணப்பம் போடுங்கள். 2025 ஏப்ரல் 28-லிருந்து இணையதளமே புதுசு, பழைய முகவரியில் போய்த் தட்டிக்கொண்டு இருக்காதீர்கள். நான் இரண்டு நாள் தட்டினேன்.

நேர்வழி

எதுக்கு சார் இத்தனை சுற்று? நேராக எய்ம்ஸ். நாட்டிலேயே பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும்போது மார்க்கெட் டாக்டரிடம் 600 ரூபாய் கொடுத்துக் காதுக்குள் டார்ச் அடிக்க விட்டிருக்கிறீர்கள்.

வார்டு_சிஸ்டர்

நேர்வழி சார், மாதாமாதம் பிரஷர் பார்த்து மாத்திரை எழுத எய்ம்ஸா? 71 வயது அம்மாவை மயூர் விஹாரிலிருந்து அன்சாரி நகர் வரை இழுத்துக்கொண்டு போய், அரை நாள் நின்று, ஒவ்வொரு தடவையும் வேறு ஜூனியர் டாக்டரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். சிறுநீரகமோ கண்ணோ சிக்கலானால் அங்கே போகத்தான் வேண்டும், அதற்கும் வீட்டுப் பக்கத்து டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எந்த டிபார்ட்மென்ட் என்று தேடி அலைய வேண்டாம்.

நான் பதினாறு வருஷமாக இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊர் திருவண்ணாமலை. காவிரிக்கரை சாருக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பதிவு என்று நீங்கள் கேட்கிற மாதிரி சட்டப்படி ஒன்றும் இங்கே இல்லை. சின்ன கிளினிக்கில் ஒரு நோட்டில் பேர், வயசு, போன் நம்பர் எழுதுவார்கள், அல்லது கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு நம்பர் கொடுப்பார்கள், அவ்வளவுதான். நிறைய இடத்தில் டாக்டர் எழுதுகிற சீட்டு உங்கள் கையோடு வந்துவிடும், அங்கே ஒரு நகல்கூட இருக்காது. அதனால் உங்கள் கையில் இருக்கிற காகிதக் கட்டுதான் பதிவு. அதை யாரோ கவுண்டரில் நின்றபடி எழுதுகிற முதல் வரியை நம்பி விடாதீர்கள், நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.

ஒரே ஒரு தாள் போதும். மேலே பேர், வயசு, போன். கீழே என்னென்ன நோய், எந்த வருஷத்திலிருந்து. அப்புறம் மாத்திரைகள். இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள், கும்பகோணத்தில் கிடைத்த பிராண்டின் பேரைச் சொல்கிறார்கள், டெல்லி கெமிஸ்ட் அதைக் கேள்வியே பட்டிருக்க மாட்டான். அட்டையில் சின்ன எழுத்தில் மருந்தின் பேர் இருக்கும், மெட்ஃபார்மின் 500, டெல்மிசார்டன் 40 என்று, அதை எழுதுங்கள். காலையா ராத்திரியா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதும் வேண்டும். மாத்திரை அட்டையைக் கத்தரித்து நாலு நாலாக டப்பாவில் போட்டு வைக்கிற பழக்கம் அம்மாக்களுக்கு உண்டு, பேர் இருக்கிற பாதி குப்பைக்குப் போய்விடும். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வந்ததா, ஆபரேஷன் நடந்ததா, அதையும் எழுதுங்கள். கடைசி எச்.பி.ஏ.1.சி., கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான சோதனை) ரிப்போர்ட் இரண்டும் மேலாக இருக்கட்டும். எச்.பி.ஏ.1.சி. மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு, அது இருந்தால் டாக்டருக்குப் பாதிக் கதை தெரிந்துவிடும்.

இன்னொன்று. உடம்பு நன்றாக இருக்கிற நாளில் முதல் தடவை போங்கள். காய்ச்சலோடு போனால் காய்ச்சலைத்தான் பார்ப்பார்கள். சாயங்காலம் கூட்டம், காலையில் திறந்தவுடன் போனால் டாக்டருக்குப் பத்து நிமிஷம் உங்களுக்காக இருக்கும்.

மொழி விஷயம், உங்கள் அம்மாவுக்கு நடந்தது தினமும் நடக்கிறது. இதைவிட ஆபத்தான வார்த்தை "மயக்கம்". நமக்குத் தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம்தான். ஹிந்தியில் தலைசுற்றலுக்குச் சக்கர் வேறு, நினைவு தப்புவதற்குப் பேஹோஷ் வேறு. போன மாதம் ஒரு தாத்தாவுக்குப் பேரன் மொழிபெயர்த்தபோது "பேஹோஷ் ஹோ ஜாதே ஹை" என்று சொல்லிவிட்டான், கேஷுவாலிட்டியில் இ.சி.ஜி., தலை ஸ்கேன் எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, பெரியவர் ஏகாதசி விரதம் இருந்து கொஞ்சம் கிறுகிறுத்திருக்கிறார். படபடப்புக்குக் கப்ராஹட், எரிச்சலுக்கு ஜலன், கால் மரத்துப்போவது ஸுன், ஊசி குத்துகிற மாதிரி இருந்தால் ஜுன்ஜுனி. சர்க்கரைக்காரர்களுக்குக் கடைசி இரண்டும் முக்கியம்.

உங்கள் பக்கம் மலையாளிகள் அதிகம். நர்ஸ் சேச்சி இருக்கிற கிளினிக்காகப் பாருங்கள், அம்மா சொல்வதில் முக்கால்வாசி அவருக்குப் புரிந்துவிடும்.

கரோல்பாக்_சின்னவன்

சிஸ்டர் சொன்னதில் முதல் வரி "பேர்" என்று சாதாரணமாகப் போட்டுவிட்டார், எங்கள் வீட்டில் சண்டையே அங்கேதான்.

நம் ஆட்களுக்கு இனிஷியல், இவர்களுக்கு சர்நேம். என் அம்மாவின் ஆதாரில் "ராஜலட்சுமி வி". ஒரு லேபில் அந்த "வி"-யை விரிக்கச் சொன்னார்கள், அப்பா பேரைச் சொன்னேன், அது சர்நேமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் "ராஜ்லக்ஷ்மி" என்று மட்டும் இருக்கிறது, இன்னொரு கிளினிக்கில் "லக்ஷ்மி ராஜ்". மூன்று இடத்திலும் மூன்று பெண்மணிகள். ஒருநாள் ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், "மிஸஸ் வெங்கடராமன், மிஸஸ் வெங்கடராமன்" என்று அந்தப் பெண் தொண்டை வறளக் கத்துகிறாள், அம்மா பக்கத்து மாமியிடம் "யாரோ நம்மூர்க்காரா போலிருக்கு" என்கிறாள். அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள்! ஜென்மத்தில் அந்தப் பேரால் யாரும் கூப்பிட்டதில்லை.

ஆதாரில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் கொடுங்கள், சர்நேம் கட்டம் காலியாக விடக்கூடாது என்றால் அந்த ஒற்றை எழுத்தையே போடுங்கள். ஆபா நம்பர், மருத்துவ ரெக்கார்டுகளுக்கு அரசு கொடுக்கிற அந்தப் 14 இலக்கம், அதை எடுக்கும்போதும் ஆதார் பேர்தான் வரும், அதனால் ஒத்துப்போகும்.

நேர்வழி

ஆபா எல்லாம் விளம்பரம். என்ன பிரயோஜனம்?

கரோல்பாக்_சின்னவன்

ஒரு பிரயோஜனம் நான் கண்ணால் பார்த்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி.டி. பர்ச்சா, அதாவது வெளிநோயாளிச் சீட்டு, எடுக்க வரிசை தெரியும்தானே. கவுண்டர் பக்கம் க்யூ.ஆர். ஒட்டியிருப்பார்கள், போனில் ஸ்கேன் செய்தால் பேர், வயசு எல்லாம் அவர்களுக்குப் போய் டோக்கன் வந்துவிடும். 2022 அக்டோபரில் லேடி ஹார்டிங்கிலும் சுசேதா கிருபளானியிலும் ஆரம்பித்தது. கவுண்டரில் ஒருவர் தட்டச்சு செய்து உங்கள் பேரைக் கொலை செய்கிற வேலை அங்கே இல்லை.

லீட்ஸ்காரி

படித்ததும் ஏக்கமாக இருக்கிறது, நான் ஆர்.கே. புரத்தில் வளர்ந்தவள், மலை மந்திர் முருகன் கோயில் படிகள் இன்னும் கனவில் வரும். இப்போது இங்கிலாந்தில்.

காவிரிக்கரை அண்ணா கேட்கிற ஏற்பாடு இங்கே உண்மையாகவே இருக்கிறது. வீட்டுப் பக்கத்தில் ஒரு ஜி.பி. சர்ஜரியில் (பொது மருத்துவர் கிளினிக்குக்கு இங்கே அந்தப் பேர்) பதிந்துகொள்ள வேண்டும், காசு கிடையாது. ஜி.எம்.எஸ்.1 என்று ஒரு படிவம், இப்போது ஆன்லைனிலும் உண்டு. அடையாள அட்டையோ வீட்டு முகவரிக்குச் சான்றோ இல்லை என்பதற்காக மறுக்கக்கூடாது என்பது விதி, ஆனால் ரிசப்ஷனில் கேட்கத்தான் செய்வார்கள், புதிதாக வந்த மாணவர்கள் பயந்து திரும்பிவிடுவார்கள். அவர்களுடைய எல்லைக்கு வெளியே வீடு இருந்தாலோ லிஸ்ட் நிரம்பிவிட்டாலோ இடமில்லை என்று சொல்லலாம். வீடு மாறினால் புது சர்ஜரிக்குப் பழைய ரெக்கார்டு தானாகப் போய்விடும்.

ஆனால் பொறாமைப்படாதீர்கள். பதிந்துவிட்டால் டாக்டர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. காலை எட்டு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு "நீங்கள் வரிசையில் இருபத்துமூன்றாவது" என்று கேட்டுக்கொண்டே குழந்தைக்குத் தோசை வார்க்கிறேன். உங்களுக்கு டாக்டர் கிடைக்கிறார், பதிவுதான் இல்லை.

புகைக்கு_நடுவே

கிளினிக் தேடும்போது போர்டைப் படியுங்கள். டெல்லியில் ஜோலாசாப் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை, தோளில் பையை மாட்டிக்கொண்டு ஊசி போடுகிற போலி டாக்டர்களுக்கு அந்தப் பேர். முறையான டாக்டர் என்றால் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் எழுதிக் கொடுக்கிற சீட்டிலும் காட்ட வேண்டும், டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. நம் பேர் பதிகிறது இருக்கட்டும், முதலில் அவர் பேர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஃபீஸ். போகும் முன் போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: முதல் தடவை எவ்வளவு, ரிப்போர்ட் காட்டத் திரும்ப வந்தால் எத்தனை நாள் வரை காசில்லை. சில இடத்தில் ஐந்து நாள், சில இடத்தில் ஏழு. லேப் ரிப்போர்ட் ஆறாவது நாள் வந்து, மறுபடி முழு ஃபீஸ் கட்டின வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

நேர்வழி

அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டதே, ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு எடுத்துவிடுங்கள், எல்லாம் இலவசம்.

வார்டு_சிஸ்டர்

எல்லாம் இல்லை சார். அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். 2024 அக்டோபரில் வந்தது, வருமானம் பார்க்காமல் 70 வயதான எல்லோருக்கும், 5 லட்சம் வரை. எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் கிளினிக் ஃபீஸுக்கும் மாத்திரைக்கும் அதை நீட்டினால் நடக்காது. மாத்திரைச் செலவுக்கு ஜன் ஔஷதி கடை பாருங்கள், அரசு திட்டத்தின் மலிவு விலை மருந்துக்கடை, மருந்தின் பேர் எழுதியிருந்தால் அங்கே வேலை சுலபம்.

துவாரகா_மாமி

ஒரு எச்சரிக்கை. ஊர் டாக்டரை விட மனசில்லாமல் நான் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டேன். அவரிடம் வாட்ஸ்ஆப்பில் பேசுவோம், இங்கேயும் ஒருவரிடம் காட்டுவோம். ஒருநாள் மாமியாருக்குக் கணுக்கால் இரண்டும் பூரி மாதிரி உப்பிவிட்டது. கிட்னியோ இருதயமோ என்று நடுங்கிப்போனோம். கடைசியில் பார்த்தால் ஊர் டாக்டர் பிரஷருக்கு எழுதினதும் ஆம்லோடிபின், இங்கே எழுதினதும் ஆம்லோடிபின், பிராண்ட் வேறு, நிறம்கூட வேறு, அவர் பாட்டுக்குக் காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்றை நிறுத்தச் சொன்னார் டாக்டர், ஒரு வாரத்தில் கால் வற்றிவிட்டது. புது டாக்டரிடம் போனால் பழையவரிடம் பேசுவதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

காவிரிக்கரை

பத்து நாள் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் பதில் சொல்ல முடியாததற்கு மன்னிக்கவும்.

சிஸ்டர் சொன்னபடி தாள் தயார் செய்ய உட்கார்ந்தோம். அம்மாவின் மஞ்சப்பையைக் கவிழ்த்தால் 2013-லிருந்து ரசீதுகள், இடையில் ஒரு ரேஷன் கார்டு நகல், திருநாகேஸ்வரம் குங்குமப் பொட்டலம் ஒன்று பிரிந்து எல்லா ரிப்போர்ட்டும் சிவப்பு. டப்பாவில் இருந்த மாத்திரைகள் சிஸ்டர் சொன்ன மாதிரியே வெட்டி வெட்டி, ஒன்று என்னவென்று கண்டுபிடிக்க ஊர் கெமிஸ்டுக்குப் போட்டோ அனுப்ப வேண்டியிருந்தது. அவன் "இது போன வருஷமே டாக்டர் நிறுத்தினதாச்சே அண்ணா" என்றான். அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக். ஹிந்திக்கார டாக்டர், ஐம்பது வயசு இருக்கும், நர்ஸ் பாலக்காட்டுக்காரர். சனிக்கிழமை காலை 9 மணிக்கு நாங்கள்தான் முதல் ஆள். தாளை நீட்டினேன், மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார், பேனாவால் இரண்டு இடத்தில் கோடு போட்டார், அப்புறம் அம்மாவிடம் ஸாக்ஸைக் கழற்றச் சொன்னார். இந்தக் குளிரில் அம்மா இரண்டு ஜோடி போட்டிருந்தாள், ஒன்று என்னுடையது. உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்து, விரல் இடுக்கெல்லாம் பார்த்து, நைலான் நூல் மாதிரி ஒன்றால் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று நர்ஸ் மூலமாகக் கேட்டார். இடது கால் கட்டைவிரலில் அம்மாவுக்குத் தெரியவில்லை. எங்கள் யாருக்கும் இது தெரியாது, அம்மாவும் சொன்னதில்லை, கேட்டால் "செருப்புப் போட்டால் சரியாயிடும்னு நினைச்சேன்" என்கிறாள். கண்ணுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார், விழித்திரை பார்த்து இரண்டு வருஷம் ஆகிறதாம்.

ஃபீஸ் 500, ஏழு நாள் வரை திரும்ப வந்தால் காசில்லை, புகைக்கு நடுவே சொன்னபடி முன்பே கேட்டுவிட்டேன். பேரை ஆதாரைப் பார்த்து எழுத்துக் கூட்டி எழுதச் சொன்னேன், கவுண்டர் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை. ஃபைல் நம்பர் கொடுத்திருக்கிறார்கள், அம்மா அதைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள்.

கரோல்பாக்_சின்னவன்

டாக்டர் பேர்?

காவிரிக்கரை

தனிச் செய்தியில் அனுப்புகிறேன், பொதுவில் வேண்டாம்.

ஆர்கேபுரம்_பழசு

தம்பி, அந்தப் பழைய தலைசுற்றல் மாத்திரையை என்ன செய்தீர்கள்?

காவிரிக்கரை

தூக்கிப் போட்டாயிற்று சார். நாளைக்கு ரிப்போர்ட் காட்டப் போகிறோம். நான் வர முடியாது, கீழ்வீட்டுப் பையன்தான் மறுபடி. அம்மா காலையிலிருந்து சமையலறையில் பாடம் படிக்கிற மாதிரி "ஷுகர் ஹை, சக்கர் நஹீ, ஷுகர் ஹை, சக்கர் நஹீ" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.